கந்தையில் எழுந்த மலை

துணி நெய்யும் நாட்டில் துண்டுத் துணிக்குப் பஞ்சமில்லை. தையற்காரர் கடையின் மூலையில் வெட்டி எறிந்த துண்டுகள் நாள்தோறும் குவிகின்றன. வீடுகளிலோ கிழிந்த சேலையும் நைந்த வேட்டியும் சிறுத்துப்போன சட்டையும் சில நாள் கைப்பிடித் துணியாகவும் கால்மிதியாகவும் பயன்பட்டு, இறுதியில் குப்பையைச் சேர்கின்றன. இவ்வாறு ஒதுக்கப்பட்ட துண்டுகளைக் கொண்டே ஒரு மலையை எழுப்பலாம். அதன் அடியில் ஒரு கோபுரத்தை நிறுத்தலாம். அதன் பின்னே அந்தி வானத்தை விரிக்கலாம். வண்ணக் குழம்பும் தூரிகையும் வேண்டா. ஊசியும் நூலும் கத்தரியும் போதும். பலவகைத் துணிகளை அடுக்கித் தைத்து இயற்கைக் காட்சியொன்றைச் சிறிய அளவில் அமைக்கும் இக்கலையை ஒட்டுத்துணி ஓவியம் என்று கூறலாம்.

துணியோடு துணியைச் சேர்த்துத் தைக்கும் தொழில் தமிழர்க்குப் புதியதன்று. தையலைப் பழந்தமிழர் 'துன்னம்' என்றனர். புகார் நகரத்தில் வாழ்ந்த தொழிலாளரைக் கூறும் சிலப்பதிகாரம், துணி தைப்போரைத் துன்னகாரர் என்று குறிப்பிடுகிறது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படையில் ஒட்டுப் போட்ட ஆடையொன்று காட்சி தருகிறது. கரிகால் வளவனைக் காணச் சென்ற பொருநன் வியர்வையால் நனைந்த கந்தையை உடுத்திருந்தான். அதில் தைத்த வேற்றிழைகள் நுழைந்திருந்தன. அதனைக் கண்ட மன்னன் அக்கந்தையை நீக்கி, இழை ஓடிய நெறி கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய ஆடையை அளித்தான் என்று முடத்தாமக் கண்ணியார் பாடியுள்ளார்.

மன்னன் செய்தது தக்க செயலே. பொருநனின் ஆடையில் இருந்த ஒட்டு வறுமை இட்ட ஒட்டு. பசியும் குளிரும் தந்த அடையாளத்தை அழகு என்று புகழ்வது அறமாகாது. ஆனால், ஒட்டு அனைத்தும் வறுமையின் அடையாளம் என்று முடிவு கட்டுவதும் பொருந்தாது. திருவிழா நாளில் தமிழ்நாட்டுக் கோயில் தேரைக் காண்போர் இவ்வுண்மையை எளிதில் உணர்வர். தேரின் கீழ்ப்பகுதி சிற்பம் செறிந்த மரத்தால் ஆனது. மேற்பகுதியோ மூங்கிலும் மரமும் கொண்டு கட்டிய சட்டத்தின்மேல் சீலைகளைப் போர்த்தி அணிசெய்யப்படுவது. நாற்புறமும் தொங்கும் உருளை வடிவான தொம்பைகளில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் வெள்ளையுமாகத் துணிகள் மயிலாகவும் தாமரையாகவும் யாளியாகவும் வெட்டி ஒட்டித் தைக்கப்பட்டிருக்கும். தஞ்சை, குடந்தைப் பகுதிகளில் இத்தொழிலில் தேர்ந்த கைவினைஞர் உள்ளனர். துண்டுத் துணி தேரில் ஏறியதும் அதனைக் கந்தை என்று எவரும் கூறுவதில்லை. துணியின் இயல்பு மாறவில்லை. அது நிற்கும் இடமே மாறிற்று. இடமறிந்து பொருத்தும் அறிவே கந்தையைக் கலையாக்குகிறது.

வறுமையும் இன்றி, அலங்காரமும் இன்றி, மூன்றாவது வகை ஒட்டு ஒன்றும் உண்டு. 1896ஆம் ஆண்டில் திருவண்ணாமலைக்கு வந்து, 1950ஆம் ஆண்டில் மறையும்வரை அம்மலையைப் பிரியாது வாழ்ந்தவர் இரமண மகரிஷி. ஒரு காலத்தில் அவரிடம் இருந்த துண்டு எங்கும் கிழிந்து துளைகள் நிறைந்ததாயிற்று. அவர் அதனை அன்பர் கண்ணில் படாமல் மறைத்து வைத்தார். கோவணம் கிழிந்தபோது முள்ளையே ஊசியாக்கி, அத்துணியிலிருந்தே நூலை உருவித் தைத்துக்கொண்டார். பிற்காலத்தில் அவர் நகைச்சுவையோடு கூறிய இச்செய்தியைச் சூரி நாகம்மா தம் கடிதங்களில் எழுதி வைத்துள்ளார். கேட்டால் கொடுப்பார் பலர் இருந்தும் கேளாமல், இருப்பதைக் கொண்டே இருப்பதைச் சீர்செய்த செயல் இது. இவ்வகை ஒட்டு தன்னிறைவின் அடையாளம்.

துணியின் நூலைக்கொண்டே துணியைத் தைக்கும் வழக்கம் வங்காளத்திலும் உண்டு. அங்குப் பெண்டிர் பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் தைத்துக் 'காந்தா' என்னும் போர்வை செய்வர். கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து முன்னாளில் வந்த மரபினராகிய சித்தி மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் பழந்துணித் துண்டுகளால் 'கவந்தி' என்னும் போர்வை தைக்கின்றனர். கடல் கடந்து அமெரிக்காவிலும் இதற்கு ஒப்பான வரலாறு உண்டு. அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவொன்றில் அமைந்த சிற்றூர் ஜீஸ் பெண்ட். அடிமைகளாய் உழைத்த கறுப்பின மக்களின் வழிவந்த பெண்கள், உழைத்துத் தேய்ந்த காற்சட்டைகளையும் கிழிந்த துணிகளையும் இணைத்துக் குளிருக்குப் போர்வை தைத்தனர். 2002ஆம் ஆண்டில் அப்போர்வைகள் ஹூஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் போலச் சுவரில் இடம்பெற்றன. 2006ஆம் ஆண்டில் அந்நாட்டு அஞ்சல்தலைகளிலும் அவற்றின் உருவம் பொறிக்கப்பட்டது. குளிருக்கு அஞ்சித் தைத்த கைகளில் வண்ணம் அறிந்த கண்ணும் கூடியிருந்தது என்பதை உலகம் காலந்தாழ்ந்தே கண்டுகொண்டது.

போர்வையாகப் பயன்பட்ட இந்த ஒட்டுத்தையலே, அளவில் சுருங்கி இயற்கைக் காட்சியை ஏற்றபோது, ஒட்டுத்துணி ஓவியம் ஆயிற்று. இதனைச் செய்ய விரும்புவோர் தொலைதூரக் காட்சிகளைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. தம் ஊரில் நாள்தோறும் காணும் மலையோ குளமோ வயலோ போதும். திருவண்ணாமலையில் வாழும் மாணவர்க்கு எதிரே நிற்கும் மலையினும் சிறந்த பொருள் வேறு உண்டோ!

கத்தரியை எடுக்குமுன் கண்ணைத் திறத்தல் வேண்டும். அண்ணாமலை 2,668 அடி உயரமுடையது என்பதும், அதனைச் சுற்றும் வழி 14 கிலோமீட்டர் நீளமுடையது என்பதும் பலர் அறிந்தவை. ஆனால், அம்மலை எவ்விடத்திலிருந்து எவ்வடிவில் தோன்றும் என்பதைக் கூர்ந்து நோக்கியவர் சிலரே. கிழக்கே நகரிலிருந்து பார்த்தால் ஒற்றைச் சிகரமாகத் தோன்றும் மலை, சுற்றி நடக்க நடக்க முகடுகள் பிரிந்து வேறுவேறு உருவம் கொள்கிறது. ஐந்து முகடுகள் தோன்றும் இடத்தில் நின்று வணங்குவதைப் பஞ்சமுக தரிசனம் என்று அடியார் போற்றுவர்.

மலைக்கும் கோபுரத்துக்கும் உள்ள அளவும் இடத்திற்கேற்ப மாறுகிறது. கிருஷ்ணதேவராயர் தொடங்க, தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் முடித்த இராசகோபுரம் பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் உடையது. கோபுரத்தை அணுகி அண்ணாந்து நோக்குவார்க்கு மலையினும் கோபுரமே பெரிதாகத் தோன்றும். கிழக்கே ஒரு கல் தொலைவு சென்று திரும்பிப் பார்த்தாலோ மலை வானளாவி எழும். கோபுரம் அதன் அடியில் ஒரு முளைபோல அடங்கிவிடும். இரண்டும் உண்மையே. நிற்கும் இடம் எதுவென்று முடிவு செய்யாமல் துணியை வெட்டுபவர் இரண்டு உண்மைகளையும் கலந்து ஒரு பொய்யைத் தைத்துவிடுவர்.

இடத்தைப் போலவே வேளையையும் வரையறுத்தல் வேண்டும். மலை கோயிலுக்கு மேற்கே உள்ளது. ஆதலால், காலை ஞாயிற்றின் ஒளி நகரை நோக்கிய மலைச்சரிவின்மேல் நேரே விழும். பாறையும் புதரும் தனித்தனியே தெரியும். மாலையில் ஞாயிறு மலைக்குப் பின்னே இறங்கும். அப்பொழுது மலை கருநீல உருவமாகிவிடும். வானமே வண்ணமெல்லாம் பூணும். காலை மலையைத் தைக்கப் பலவகைத் துண்டுகள் வேண்டும். மாலை மலைக்கு ஒரே துண்டு போதும். வானத்திற்கே பல துண்டுகள் வேண்டும்.

ஆண்டும் கருதத் தக்கதே. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அண்ணாமலை மரங்களை இழந்து வறண்டு கிடந்தது. 1980களின் இறுதியிலிருந்து தொண்டுள்ளம் கொண்டோர் மரக்கன்றுகளை நட்டும், கோடையில் பரவும் தீயைத் தடுத்தும் அதனைப் பேணி வருகின்றனர். அக்காலத்தில் ஒருவர் மலையைத் துணியில் தைத்திருந்தால் காவியும் பழுப்புமே மிகுதியாக வேண்டியிருக்கும். இன்று தைப்பவர் பசுந்துணியைத் தேடுவர். மலையென்றால் பச்சை என்று ஏட்டில் படித்ததைத் தைக்காமல், எதிரே கண்டதைத் தைத்தால், அச்சிறு துணி தன் காலத்துக்கு ஒரு சான்றாகவும் நிற்கும்.

கண்டு முடித்தபின் துணியைத் தேர்தல் வேண்டும். வண்ணம் ஒன்றை மட்டும் பார்த்துத் தேர்ந்தால் போதாது. ஒவ்வொரு துணியும் ஒளியை ஏற்கும் முறையை அறிந்து தேர்தல் வேண்டும். பட்டு ஒளியை வாங்கி வீசும். ஆதலால் அது வானத்துக்கும் நீருக்கும் ஏற்றது. திருவண்ணாமலை மாவட்டத்திலேயே உள்ள ஆரணி பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். பாவு ஒரு நிறமும் ஊடை வேறொரு நிறமுமாக நெய்த மயில்கழுத்து வண்ணப் பட்டு, அசைக்குந்தோறும் நீலமாகவும் பச்சையாகவும் மாறும். மாலைநேரத்துக் குளத்து நீரைக் காட்ட அதனினும் ஏற்ற துணி இல்லை. கம்பளி ஒளியை விழுங்கும். அது மலையின் நிழற்சரிவுக்கு உரியது. பலமுறை வெளுத்துப் பழுத்த வேட்டி, கோபுரத்தின் சுதைக்குப் பொருந்தும். கட்டம் போட்ட கைலி, நெருங்கி நிற்கும் வீடுகளின் சன்னல்களைத் தானே வரைந்து தரும். சாக்குத் துணியின் முரட்டு இழை, உழுத மண்ணை ஒத்திருக்கும். மெல்லிய மல் துணியை மலையின்மேல் ஒரு படலமாகப் போர்த்தினால் கார்த்திகை மாதத்து மூடுபனி இறங்கிவிடும்.

இவ்விடத்தில் மனம் தயங்குவது இயல்பு. பெட்டியின் அடியில் பாட்டியின் கூறைப்புடவை கிடக்கிறது. சரிகை கறுத்து, மடிப்புகள் தோறும் பட்டு விண்டுபோயிருக்கிறது. அதனை வெட்டலாமா? அன்புடையோரின் ஆடையைக் கத்தரிக்குக் கொடுக்க எவர் கையும் எளிதில் எழாது. வெட்டினால் நினைவையே வெட்டியதாகுமே என்ற அச்சம் எழும். இதற்குப் பழகியோர் கொள்ளும் நெறி ஒன்றுண்டு. உடுத்தத் தக்கதை வெட்டக் கூடாது. உடுத்த இயலாததை இருளில் மட்கவிடவும் கூடாது. ஒரே மடிப்பில் பல்லாண்டு கிடக்கும் பட்டு, தொடுவார் இன்றியே மடிப்பின் வழியே பிளந்துபோகும். கிழிந்த புடவையில் உறுதியாக எஞ்சிய ஒரு சாண் பகுதி வானமாகிச் சுவரில் நிற்குமாயின், பாட்டியை அறியாத பேரப்பிள்ளையும் 'இந்த வானம் எதன் துணி?' என்று கேட்கும். அக்கேள்விக்கு விடையாகப் பாட்டியின் கதை மீண்டும் வீட்டில் பேசப்படும். பெட்டிக்குள் கிடந்தவரை அக்கதையைக் கேட்பார் இல்லை. எனினும், வீட்டிலுள்ள மூத்தோரின் இசைவு பெற்ற பின்னரே அத்தகைய துணியில் கத்தரி படவேண்டும்.

தேர்ந்த துணிகளை முதலில் நீரில் அலசி உலர்த்துதல் வேண்டும். புதிய பருத்தித் துணி நனைந்தால் சுருங்கும், சாயம் கசியும். தைத்தபின் சாயம் கசிந்தால் வானம் முழுவதும் கறைபடும். பட்டை முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்த வேண்டும். பின்னர், ஓரடி நீளமும் முக்காலடி உயரமும் உள்ள தாளில் காட்சியின் புறக்கோடுகளை வரைந்து, வானம், மலை, கோபுரம், வீடுகள், நிலம் என்று வெவ்வேறாக வெட்டிக்கொள்ளலாம். அத்தாள்களைத் துணியின்மேல் குண்டூசியால் பொருத்தி, மடித்துத் தைப்பதற்குக் கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுதல் வேண்டும். பாவின் வழியே வெட்டிய துணி நிலைத்து நிற்கும். குறுக்காக வெட்டிய துணி இழுத்தால் நீளும். கோபுரத்துக்கு முன்னது ஏற்றது. மலைமுகட்டின் வளைவுக்குப் பின்னது இசைந்து கொடுக்கும்.

துண்டுகளை அடுக்குவதற்கு ஒரு முறை உண்டு. தொலைவில் உள்ளது முதலிலும் அண்மையில் உள்ளது இறுதியிலும் வரவேண்டும். வானத்தின் ஓரத்தை மலை மறைக்கும். மலையின் ஓரத்தைக் கோபுரம் மறைக்கும். கோபுரத்தின் அடியை வீடுகள் மறைக்கும். காற்றில் கலந்த தூசியும் ஈரமும் தொலைப்பொருளின் நிறத்தை வெளிறச் செய்யும். ஆதலால், தொலைவுக்கு வெளிறிய மென்துணியும், அண்மைக்கு அழுத்தமான முரட்டுத் துணியும் இட்டால், அரை அங்குலக் கனமுள்ள துணியில் அரைக்காதத் தொலைவு தோன்றும். தைப்பதற்கு முன் துண்டுகளையெல்லாம் பரப்பிவைத்து, பத்தடி பின்னே சென்று பார்ப்பது நன்று. அண்மையில் அழகாயிருந்த துண்டு அப்பொழுது பொருந்தாமல் உறுத்தும். வேண்டாம் என்று ஒதுக்கிய துண்டு தன் இடத்தைக் கேட்கும்.

மேலே காட்சித் துணி, நடுவே மெல்லிய பஞ்சுப் படலம் அல்லது நைந்த போர்வை, அடியில் காடாத் துணி என மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைத்தல் வேண்டும். ஊசி மேலும் கீழுமாக ஓடும் எளிய தையலே போதும். நடுவிலிருந்து தொடங்கி ஓரம் நோக்கித் தைத்தால் துணி சுருக்கம் கொள்ளாது. நூல் அழுந்திய இடம் பள்ளமாகும். இரு தையல்களுக்கு இடைப்பட்ட இடம் பஞ்சினால் மேடாகும். இவ்வாறு மலையில் வரைகளும் ஓடைகளும் தாமே எழுகின்றன. ஓவியன் நிழல் தீட்டி மேடு பள்ளம் உண்டெனக் காட்டுவான். துணியிலோ மேடும் பள்ளமும் உண்மையிலேயே உண்டு. விரலால் தடவினும் தெரியும். கண்ணொளி இழந்தோரும் ஓரளவு தொட்டறியத்தக்க ஓவியம் இது.

அடியில் இருந்து அனைத்தையும் தாங்கும் காடாத் துணியைப் பார்ப்போர் காண்பதில்லை. வெளுக்காத, சாயம் ஏறாத, விலை மலிந்த துணி அது. ஆயினும் திருவண்ணாமலையில் அதற்கு ஒரு பெரும்பேறு உண்டு. கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சிக் கொப்பரையில் நெய்யில் தோய்ந்து எரியும் திரி, சுமார் 1,000 மீட்டர் காடாத் துணியால் ஆனது. பதினொரு நாள் எரியும் அத்தீபத்தைப் பல கல் தொலைவிலிருந்தும் மக்கள் கண்டு கைகூப்புவர். பட்டுக்கும் கிட்டாத அப்பேறு காடாவுக்குக் கிட்டியது. தன்னை மறைத்துக்கொண்டு பிறவற்றைத் தாங்குவதும், தன்னை எரித்துக்கொண்டு பிறர்க்கு ஒளி தருவதும் அவ்வெளிய துணிக்கு இயல்பாகின்றன.

இக்கலையில் புதிதாக இறங்குவோர் பெரும்பாலும் ஒரு பிழை செய்வர். பளபளக்கும் துண்டுகளையே தேடி எடுத்து இணைப்பர். வானமும் பட்டு, மலையும் பட்டு, மண்ணும் பட்டு என்றால் எங்கும் ஒளியே மிஞ்சும், காட்சி தோன்றாது. கம்பளியின் இருளருகில்தான் பட்டு வானமாகும். சாக்கின் முரட்டுத்தன்மை அருகில் இருந்தால்தான் மல் துணி பனியாகும். ஒன்றின் இயல்பு மற்றொன்றின் துணையால் விளங்குகிறது. எல்லாத் துணிகளையும் ஒரே சாயத்தில் தோய்த்து ஒற்றுமை காண முயல்வது அறியாமை. ஒவ்வொன்றையும் அதனதன் இயல்போடு ஏற்று, உரிய இடத்தில் நிறுத்துவதே பொருத்தம்.

வகுப்பறையில் பல வீட்டு மாணவர் ஒருங்கே அமர்கின்றனர். ஒருவர் கொண்டுவரும் துண்டு பட்டாக இருக்கலாம். மற்றொருவரது கைலியாக இருக்கலாம். வேறொருவரது அரிசி வந்த சாக்காக இருக்கலாம். மலையைத் தைக்க மூன்றும் வேண்டும். சாக்குக் கொண்டுவந்த மாணவன் நாணித் தலைகுனிய வேண்டுவதில்லை. அவனது துண்டு இல்லையேல் மலைக்கு நிற்க மண் இல்லை. தைத்து முடித்த நாளில் அச்சிறு துணியைச் சுவரில் மாட்டி எட்டி நின்று நோக்கினால், பட்டும் கைலியும் சாக்கும் மறைந்து, மலை ஒன்றே தோன்றும்.